வேகம் குன்றிய படகும் ஒரு முழச் சிவப்புக் கயிறும்

கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்திலே, படகைப் பற்றிப் பேசக் கல்லூரி ஆசிரியனுக்கு என்ன உரிமை என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. வலை வீசவும் அறியோம். நங்கூரம் இடவும் அறியோம். ஆயினும், சோளகக் காற்று ஓய்ந்திருந்த ஒரு காலையிற் குருநகர்க் கரையில், எம் பழைய மாணாக்கர் ஒருவரின் படகருகே நின்று நாம் கண்டறிந்தவை பிறருக்கும் பயன்படும் என எண்ணியே எழுதத் துணிந்தோம்.

அவருடையது பதினெட்டடி நீளமான கண்ணாடி இழைப் படகு. பின்புறத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம். பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுகின்ற வகையைச் சேர்ந்தது. மண்டைதீவுக்கு அப்பால் வலை கிடக்கும் இடத்தை முன்பு அரைமணி நேரத்தில் அடைந்தவர், இப்போது முக்கால் மணி நேரம் ஓடவேண்டியிருக்கிறது என்றார். வேகம் குறைந்தால் எண்ணெய்ச் செலவு ஏறும். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குத் தாவியபோது, படகுகள் பல கரையிலே கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. அன்று தொட்டு ஒவ்வொரு போத்தல் எண்ணெயும் கணக்குக்குரியதாயிற்று.

திருத்துநர் ஒருவர் வந்து பார்த்து, இயந்திரத்தின் உள்ளுறுப்புக்களை மாற்றியேயாக வேண்டுமென்று சொல்லிப் போயிருந்தார். அதற்கான பணத்துக்கு மனைவியின் காப்பு அடகுக்கடைக்குப் போக ஆயத்தமாக இருந்தது. அவ்வேளையில் அயலிற் படகு வைத்திருந்த முதியவர் ஒருவர், "எஞ்சினைத் தொடாதை, தம்பி. முதல்லை படகைக் கரையிலை ஏத்திக் கவிட்டுப் பார்," என்றார்.

நாலுபேர் சேர்ந்து ஏற்றினோம். ஏற்றும்போதே ஒரு குற்றம் வெளிப்பட்டது; படகு அளவுக்கு மிஞ்சிக் கனத்தது. அடித்தட்டின் கீழே நீர் தேங்கியிருந்தது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பது பாலரும் அறிந்த கணக்கு. நூறு லீற்றர் தேங்கினால், ஒன்றரை ஆளைக் கூலியின்றி நாள்தோறும் ஏற்றி இறக்குவதற்கு அது சமன். கவிழ்த்தபின் கண்டது அடுத்த குற்றம். அடிப்புறமெங்கும் பாசி வழுவழுத்திருக்க, அதனிடையே சுண்ணாம்புக் கூடு கட்டும் கொட்டலசு ஒட்டிச் சொரசொரத்தது. நீரைக் கிழித்து வழுக்கிச் செல்லவேண்டிய அடிப்புறம் அரம்போல் இருந்தால் எந்த இயந்திரந்தான் என்செய்யும்?

மூன்றாவது குற்றம் எம் கண்ணுக்குப் புலப்படவில்லை; முதியவரே காட்டினார். பின்னே சுழலும் விசிறியைக் கழற்றியபோது, அதன் தண்டிலே பழைய நைலோன் வலைநூல் கம்பிபோல் இறுகிச் சுற்றியிருந்தது. இது வெறுங் குப்பையன்று. நூல் உள்ளே அறுத்துச் சென்று றப்பர் அடைப்பைக் கெடுத்துவிட்டால், கடல்நீர் பற்சக்கரப் பெட்டிக்குட் புகுந்துவிடும். பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டதென அறிந்துகொள்ளலாம். நல்வினைப் பயனாக, இங்கே எண்ணெய் வெளுக்கவில்லை.

இயந்திரம் உரத்து இரைகிறது, படகோ அதற்கேற்ப ஓடவில்லை என்றால், ஐயப்படவேண்டிய இடம் இன்னுமொன்று உண்டு. விசிறியின் குடத்துக்குள்ளே ஒரு றப்பர் உருளை இருக்கிறது. விசிறி கல்லில் மோதும்போது பற்சக்கரங்கள் உடையாமற் காப்பது அதன் தொழில். அது வழுக்கத் தொடங்கினால் தண்டு சுழலும், விசிறி பின்தங்கும். குடத்தின் உட்பகுதியையும் வெளிப்பகுதியையும் இணைத்து வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடிப்பார்க்க வேண்டும். திரும்பி வந்து பார்க்கையிற் கோடு முறிந்திருந்தால் றப்பர் வழுக்குகிறது. காசு செலவில்லாத இச்சோதனையை எமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இதற்கு மாறாக, இரைச்சலே அடங்கி ஒலித்தால் இயந்திரத்தின் பக்கம் திரும்பலாம். இரு சிலிண்டர்களில் ஒன்றின் பிளக்கு கரிபிடித்துப் பொறி விடாதிருக்கலாம். எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம். குளிர்நீர் வெளியேறும் சிறு தாரை மெலிந்தோ நின்றோ போயிருந்தால், உடனே நிறுத்தி, நீர் உள்ளிழுக்கும் துளைகளிற் சாதாளையோ மணலோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆழங் குறைந்த எமது கடனீரேரியில் இது அடிக்கடி நேர்வது.

தென்னிலங்கைப் பெந்தோட்டையில் உல்லாசப் பயணிகள் ஏறிப் பறக்கும் நீர்ச் சவாரி வண்டிக்கும் இதே நியாயந்தான். ஜெட் ஸ்கி என்று பலரும் அழைக்கும் அவ்வண்டியின் விசிறி, ஒரு குழாய்க்குள் அடங்கிச் சுழன்று, அடியில் நீரை உறிஞ்சிப் பின்புறம் பீச்சுகிறது. விசிறியின் ஓரத்துக்கும் குழாயின் வளையத்துக்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. ஆழமற்ற இடத்தில் ஓட்டி மணலையும் பரலையும் உறிஞ்சவிட்டால் அந்த வெளி அகலும், வண்டி கூச்சலிடும், வேகம் வராது. எமது கடனீரேரிக்கு அவ்வண்டி வந்தால் சாதாளை மேய்ந்தே களைத்துவிடும் என்பது எம் துணிபு.

அவ்வண்டியின் திறப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. சீ-டூ வண்டிகளிற் பழகுவோருக்கெனத் தனித்திறப்பு ஒன்று உண்டு. அதை மாட்டினால் வண்டி ஓரளவு வேகத்துக்கு மேல் ஓடாது. அத்திறப்பை மாட்டிக்கொண்டு வேகம் இல்லையென்று முறையிட்டால் பழி யார்மேல்? திறப்பு பொருந்தும் முனையில் உப்புப் படிந்தால், வண்டி திறப்பையே அடையாளங் காணாது. துடைத்துவிட்டாற் சரியாகிவிடும். அத்திறப்பு ஒரு கயிற்றினால் ஓட்டுபவரின் அங்கியோடு பிணைக்கப்பட்டிருப்பதுதான் முக்கியம். ஆள் விழுந்தால் திறப்புக் கழலும், இயந்திரம் நிற்கும்.

இந்த இடத்திலேதான் குருநகர்ப் படகு எம்மைத் திடுக்கிடச் செய்தது. வெளியிணைப்பு இயந்திரத்துக்கும் அத்தகைய சிவப்புச் சுருள்கயிறு உண்டு. அதன் முனைக் கவ்வியை நிறுத்துபொத்தானின் அடியிற் செருகி, மறுமுனையை மணிக்கட்டில் மாட்டுவது முறை. மாணாக்கரின் இயந்திரத்திலோ கவ்வி இருந்த இடத்தில் ஒரு கம்பித்துண்டு நிரந்தரமாக முறுக்கப்பட்டிருந்தது.

"அது கரைச்சல், சேர். வலை இழுக்கேக்கை கயிறு இழுபட்டு எஞ்சின் நிண்டுபோகுது," என்றார்.

"தனியாகவா தொழிலுக்குப் போகிறீர், தம்பி?" என்று கேட்டோம்.

"கன நாள் தனியத்தான்."

கைப்பிடியை விட்டு ஒருவர் கடலில் விழுந்தால் படகு நேரே ஓடிப்போய்விடும் என்றே நாமும் எண்ணியிருந்தோம். அவ்வாறன்று. பிடிப்பாரற்ற கைப்பிடி ஒருபுறம் திரும்பிக்கொள்ள, படகு வட்டமிட்டு விழுந்தவர்மீதே விசிறியோடு திரும்பி வரக்கூடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த மோட்டார்ப் படகுகளில், வேகமாக ஓடும்போது இத்தகைய கயிற்றையோ அதற்கு ஈடான கருவியையோ இணைத்திருக்க வேண்டுமென்று 2021 ஏப்ரல் முதலாந் திகதி தொட்டுச் சட்டமே இருக்கிறது. முதியவர் சட்டம் எதுவும் பேசவில்லை. கம்பியைக் குறட்டால் வெட்டி மணலில் எறிந்துவிட்டார்.

நீரை இறைத்து, அடியைச் சுரண்டி, நூலை அறுத்து, ஒரு பிளக்கையும் மாற்றி முடிக்கப் பொழுது சாய்ந்தது. மறுநாட் பயணம் முப்பத்தைந்து நிமிடமாயிற்றாம். மீதி ஐந்து நிமிடத்துக்கு இயந்திரத்தின் வயதே காரணம் என்று முதியவர் தீர்ப்பளித்தார். காப்பு வீட்டிலேயே இருக்கிறது.

மாணாக்கர் புதிய கயிறு வாங்கி, மேலதிகக் கவ்வி ஒன்றையும் படகிற் கட்டி வைத்திருக்கிறார். முதல் வாரத்தில் இரண்டு தரம் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றதென்றும், இரண்டு தரமும் எம்மை வாயாரத் திட்டிக்கொண்டே திரும்பச் செருகியதாகவும் அவரே வந்து சொன்னார்.