இந்தக் கணக்கைக் கேட்பவர் யார்?

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் பலர் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர்கள். சங்கம் பட்டு நூலும் ஜரிகையும் கொடுக்கும். நெசவாளர் புடவை நெய்து தந்து கூலி பெறுவார். வாங்கிய நூலின் எடை, தந்த புடவை, சேரவேண்டிய கூலி எல்லாம் ஏட்டில் ஏறும். இந்த ஏட்டைக் கணிப்பொறியில் வைத்து, நெசவாளர் தம் கைப்பேசியிலேயே கணக்குப் பார்க்க நீங்கள் வழி செய்வதாக வைத்துக்கொள்வோம்.

கைப்பேசிக்கும் ஏட்டுக்கும் நடுவே ஒரு புரோகிராம் தேவை. குறிப்பிட்ட வடிவில் வரும் கேள்விக்குக் குறிப்பிட்ட வடிவில் அது விடை தரும். ஏட்டை யாரும் நேரே தொட விடாது. கேள்வியும் விடையும் இப்படித்தான் அமையவேண்டும் என்ற ஏற்பாட்டையே ஏ.பி.ஐ. என்கிறார்கள். பைத்தான் மொழியில் சில பத்து வரிகளில் இதை எழுதிவிடலாம். "27-ஆம் கணக்கைக் காட்டு" என்றால் காட்டும். யார் கேட்டாலும் காட்டும் என்பதுதான் தொல்லை! சங்கத்து எழுத்தருக்கு உறுப்பினரின் முகம் தெரியும். புரோகிராமுக்கு?

ஆகவே கடவுச்சொல் வேண்டும். அதை அப்படியே எழுதி வைக்கலாமா? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் பகிர்ந்துகொண்ட கணிப்பொறி ஒன்று இருந்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்!

அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. கடவுச்சொல்லையும் இப்படி ஒருவழிக் கணக்கில் 'அரைத்து', மாவை மட்டும் சேமிக்க வேண்டும். நுழைபவர் தரும் சொல்லை மறுபடி அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் போதும். ஆனால் இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் ஒரே மாவு கிடைக்குமே? அதற்காக ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண் ஒன்றைச் சேர்த்து அரைப்பார்கள். இதன் பெயரே உப்பு! 1979-இல் இம்முறையை விளக்கிய ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தனர். அவற்றில் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கக் கூடியவை.

சரி, நெசவாளர் நுழைந்துவிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? பட்டுப் புடவையில் தொங்கும் சில்க் மார்க் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஹோலோகிராமும் தனி எண்ணும் உண்டு. அதுபோலப் புரோகிராமும் ஒரு சீட்டு வழங்குகிறது: "இவர் 27-ஆம் உறுப்பினர், ஒரு மணி நேரம் செல்லும்." அதோடு, தனக்கு மட்டுமே தெரிந்த இரகசிய எண்ணைக் கொண்டு கணித்த முத்திரையும் இருக்கும். 27-ஐ 28 என்று யாராவது திருத்தினால் முத்திரை ஒத்துப்போகாது. ஜே.டபிள்யூ.டி. என்னும் இவ்வகைச் சீட்டுக்கு 2015-இல் பொது நெறி வகுக்கப்பட்டது. ஒன்று கவனியுங்கள்: சீட்டில் உள்ளதை எவரும் படிக்கலாம், மாற்றத்தான் இயலாது. எனவே கூலித் தொகையை அதில் எழுதாதீர்கள்.

இவ்வளவும் செய்தபின் பலர் கோட்டை விடுவது வேறோர் இடத்தில். சீட்டு உண்மையானதுதான், ஆனால் 27-ஆம் உறுப்பினர் 28-ஆம் கணக்கைக் கேட்கிறார். சீட்டை மட்டும் சோதிக்கும் புரோகிராம், பக்கத்துத் தறிக்காரரின் கூலியைக் காட்டிவிடும்! 'ஆள் யார்' என்பது ஒரு கேள்வி. 'அவருக்கு இதில் உரிமை உண்டா' என்பது மற்றொன்று. ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு, ஏ.பி.ஐ. குறைகளைப் பற்றி 2019-லும் 2023-லும் வெளியிட்ட பட்டியல்களில் இக்குறைக்கே முதலிடம்.

உங்கள் புரோகிராமைச் சோதிக்க இரு கற்பனை உறுப்பினர்களைப் பதிவு செய்யுங்கள். சீட்டே இல்லாமல் கேளுங்கள்: 401 என்ற எண் திரும்ப வேண்டும். பிறகு ஒருவர் சீட்டோடு மற்றவர் கணக்கைக் கேளுங்கள்: 403 வர வேண்டும். கணக்கே வந்து நின்றால், கைப்பேசியை இன்னும் எந்த நெசவாளர் கையிலும் கொடுக்காதீர்கள்.