காலடி மண்ணை நாம் அறிந்திருக்கிறோமா?

2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத காலை 6.13 மணி. ஜொகூர் மாநிலம் சிகாமட்டில் வீடுகள் சில விநாடிகள் ஆடின. சிகாமட்டுக்கு 5 கிலோமீட்டர் மேற்கே, 10 கிலோமீட்டர் ஆழத்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு 4.1 என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. நெகிரி செம்பிலான், மலாக்கா, தென் பகாங் வரை அதிர்வு உணரப்பட்டது. தொடர்ந்த நாள்களிலும் சிறு அதிர்வுகள் பதிவாயின. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

“நம் நாட்டில் நிலநடுக்கமா?” என்ற கேள்வி எழுவது இயல்பே. மலேசியா நெருப்பு வளையத்துக்கு வெளியே இருக்கிறது என்பது உண்மை. ஆனால், அது பாதி உண்மைதான்!

சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலத்தட்டுகள் ஓயாமல் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அந்த அழுத்தம் தீபகற்பம் வரை பரவுகிறது. இங்கே பாறைகளில் மிகப் பழைய பிளவுகள் உண்டு. சுவரில் பூசி மறைத்த விரிசல், பக்கத்தில் லாரி ஓடினால் மீண்டும் வாய் திறப்பதில்லையா? அதுபோல உறங்கிக் கிடக்கும் பிளவும் விழித்துக் கொள்ளலாம். சிகாமட் அதிர்வை நிபுணர்கள் மெர்சிங் பிளவுப் பகுதியோடு தொடர்புபடுத்தினர். 2007 இறுதியில் பகாங், புக்கிட் திங்கியிலும் சிறு அதிர்வுகள் தொடங்கின. 2015 ஜூன் 5இல் சபா, ரானாவில் சுமார் 6 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் கினபாலு மலையில் 18 உயிர்களைப் பறித்தது.

பிளவு எங்கே ஓடுகிறது, எந்த மண் அதிகம் குலுங்கும், எந்தச் சரிவில் வீடு கட்டக்கூடாது என்பதைச் சொல்வது புவி அறிவியல். நம் நாட்டில் இப்பணிக்கெனக் கனிமவள, புவி அறிவியல் துறை இயங்குகிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான தேசிய நெறியும் 2017இல் வகுக்கப்பட்டது. நிலத்தடி நீர், கற்சுரங்கம், தோட்டத்து மண் ஆகியவையும் இந்த அறிவியலுக்குள் அடங்கியவையே. சிகாமட் வட்டாரத்தில் 6 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான எரிமலைப் பாறைகள் உள்ளன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பொதுமக்கள் செய்ய வேண்டியது என்ன?

நிலம் ஆடினால் மேசைக்கு அடியில் புகுந்து, தலையைக் காத்து, ஆட்டம் நிற்கும் வரை மேசைக் காலைப் பிடித்துக் கொள்ள வேண்டும். மின்தூக்கியை நாடக்கூடாது. பிறகு சுவர், தூண்களில் புதிய விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். “நாளை இத்தனை மணிக்கு நிலநடுக்கம்” என்று கைப்பேசியில் வரும் செய்தியை யாருக்கும் அனுப்பக்கூடாது. நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கணிக்கும் ஆற்றல் உலகில் எவருக்கும் இல்லை.

வீடு வாங்கும்போது விலையையும் வாசல் திசையையும் விசாரிக்கிறோம். அந்த வீடு நிற்கும் நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்போம். மருத்துவம், சட்டம் என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பெற்றோர், புவி அறிவியல் என்ற படிப்பும் இருக்கிறது என்று சொல்லட்டும். அடுத்த முறை நிலம் அசையும்போது, என்ன செய்வது என்று அறிந்த ஒருவராவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்!