‘பல்லிதானே செத்துச்சு?’: வளர்த்த இகுவானா குட்டி இறந்தால் எப்படித் தாங்குவது, என்ன செய்வது?

நாய் இறந்துவிட்டது என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். டீமில் நாலு பேராவது வந்து ஆறுதல் சொல்வார்கள். ‘இன்னிக்கு சீக்கிரம் கிளம்புங்க’ என்று மேனேஜர்கூடச் சொல்லலாம். இகுவானா குட்டி இறந்துவிட்டது என்று சொன்னால்? முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம், ‘ஓணான் மாதிரி இருக்குமே, அதுவா?’ என்பார்கள். இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசியபோது எங்கள் டெஸ்க்கிலேயே முதலில் வந்த கேள்வி, ‘பல்லிக்கு துக்கமா?’ என்பதுதான்.

ஆமாம், பல்லிக்குத்தான்.

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த பச்சை இகுவானா இன்று நம்மூர் அப்பார்ட்மென்ட்களிலும் வளர்கிறது. குரைக்காது, வாக்கிங் கூட்டிப் போக வேண்டாம், கீரையும் செம்பருத்தியும் போட்டால் போதும் என்று சொல்லித்தான் பலருக்கும் விற்கப்படுகிறது. வாங்கும்போது கைக்குள் அடங்கும். நன்றாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்து அடியைத் தாண்டும், 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். ஆனால் பல குட்டிகள் முதல் ஆண்டைக்கூடத் தாண்டுவதில்லை.

சொல்ல முடியாத துக்கம்

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா, ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்ற கருத்தை 1989-ல் ஒரு புத்தகமாகவே கொண்டுவந்தார். விஷயம் எளிமையானது. யார் இறந்தால் அழலாம், எத்தனை நாள் அழலாம் என்பதற்குச் சமூகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் இல்லாத இழப்பு வந்தால், துக்கத்தோடு ‘இதுக்குப்போய் அழறோமே’ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

பல்லி விஷயத்தில் நம் வீடுகளில் இது இன்னும் சிக்கல். பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரின் பின்பக்கம் பார்ப்போம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிடுவோம். அதே பல்லி கிச்சன் சுவரில் வந்தால் துடைப்பத்தை எடுப்போம். இந்த ஊரில் அதன் வகையறா ஒன்றுக்குப் பெயர் வைத்து வளர்த்தவருக்கு உறவினர்கள் சொல்வது ஒன்றுதான்: ‘வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை.’ குட்டி இறந்தபிறகும் அதையேதான் சொல்வார்கள்.

‘அதுக்கு உன்மேல பாசமே இருந்திருக்காது’ என்பது அடுத்த வசனம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். துக்கம் அந்தக் கேள்வியின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. காலையில் கீரை நறுக்கியது, தண்ணீர் தெளித்தது, தோல் உரிக்கும்போது விரல் நுனியில் சிக்கிக்கொண்டதா என்று பார்த்தது என ஒரு நாளில் அரை மணி நேரம் அந்த உயிருக்கென்று இருந்தது. அது போனபிறகும் டைமர் போட்ட விளக்கு காலை 7 மணிக்குத் தானாக எரியும். பலரையும் உடைய வைப்பது இப்படி ஒரு சின்ன விஷயம்தான். அந்த டைமரை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். அல்லது வேறு யாரையாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே இறந்துவிட்டதா?

விநோதமான கேள்வியாகத் தெரியலாம். ஆனால் ஊர்வன விஷயத்தில் கேட்டே ஆக வேண்டும். 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகம், மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம் என்று ஃபுளோரிடா மக்களை எச்சரித்தது. குளிரில் உறைந்து விழுபவை பெரும்பாலும் இறந்தவை அல்ல, வெயில் ஏறினால் எழுந்து நடக்கும். நம்மூரில் அந்தக் குளிர் கிடையாது. ஆனால், நோயால் சோர்ந்த குட்டியின் மூச்சும் இதயத்துடிப்பும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துபோகலாம். கால்நடை மருத்துவர் டாப்ளர் கருவி வைத்து துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு முன் புதைக்கவோ ஃப்ரீசரில் வைக்கவோ வேண்டாம்.

‘நான்தான் கொன்னுட்டேனா?’

இரவில் தூங்கவிடாத கேள்வி இது. ‘அப்படியெல்லாம் இல்லை, விடுங்க’ என்று சொல்வது சுலபம். கேட்டவருக்கு அது போதாது. குட்டிகள் எப்படி இறக்கின்றன என்று தெரிந்துகொள்வதுதான் கொஞ்சமாவது உதவும்.

வீட்டில் வளரும் இகுவானா குட்டிகளைத் தாக்குவதில் முக்கியமானது எலும்பு வலுவிழக்கும் நோய். உணவிலிருக்கும் கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். இகுவானா அதைத் தன் தோலிலேயே தயாரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தேவை. இங்கேதான் சிக்கல். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அதாவது, ‘தினமும் ஜன்னல் ஓரம் வெயில்லதானே வெச்சேன்’ என்பவரின் குட்டிக்கு வெளிச்சமும் சூடும் கிடைத்திருக்கும், தேவையான கதிர் கிடைத்திருக்காது. யுவிபி விளக்கு வாங்கியவர்களுக்கும் இன்னொரு பொறி இருக்கிறது. பல வகை விளக்குகளில் 6 முதல் 12 மாதங்களில் அந்தக் கதிர் மங்கிவிடும், பல்பு மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கீரையிலும் இப்படித்தான். பாலக் நல்லது என்று நினைத்துத் தினமும் போடுவோம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முருங்கைக் கீரை அதைவிட நல்ல தேர்வு.

ஏசி அறையும் ஒரு காரணமாகலாம். தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாத உயிர் அது. சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் குளிர்காய ஓர் இடம் இல்லையென்றால், சாப்பிட்டது செரிக்காது. நமக்கு இதமான 24 டிகிரி அதற்குப் போதாது.

இதெல்லாம் நடக்கும்போது குட்டி காட்டிக்கொடுக்காதா? பெரும்பாலும் காட்டாது. காட்டில் பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகும் உயிர் அது, பலவீனத்தை மறைப்பதுதான் அதன் தற்காப்பு. தாடை மென்மையாவது, கால் நடுங்குவது, பின்னங்காலை இழுத்து நடப்பது எல்லாம் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும். நீங்கள் கவனிக்காமல் விட்டீர்கள் என்பதைவிட, கவனித்தாலும் தெரியாதபடி அது மறைத்தது என்பதுதான் பல வீடுகளில் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குட்டியை விற்றவர் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றால், குற்ற உணர்ச்சியை நீங்கள் மட்டும் சுமப்பது நியாயமே இல்லை.

இதெல்லாம் பொதுவான காரணங்கள். உங்கள் குட்டிக்கு என்ன நடந்தது என்று போஸ்ட்மார்ட்டம் செய்தால்தான் தெரியவரும், அதிலும் சில சமயம் தெளிவான விடை கிடைக்காது. வீட்டில் இன்னொரு ஊர்வன இருந்தால் அவசியம் கேளுங்கள், தொற்று நோயாக இருக்கலாம். உடலை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும். ஒன்றிரண்டு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். (அம்மா ஃப்ரிட்ஜைத் திறப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது.) சென்னையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடமோ வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரிக்கலாம்.

புதைக்க இடம், பதிவு, சுத்தம்

சொந்த மண் இருந்தால் நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கலாம். பிளாட்டில் இருப்பவர்களுக்கு, கையளவு குட்டி என்றால் ஒரு பெரிய பூந்தொட்டியே போதும். அது விரும்பித் தின்ற செம்பருத்தியையே அதில் நடலாம். குப்பைத் தொட்டியில் போட மனசு வரவில்லை என்றால் அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சட்டம் பற்றியும் பார்த்துவிடுவோம். பச்சை இகுவானா சர்வதேச வணிகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட உயிரினம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தமும் 2024-ல் வந்த விதிகளும், இதுபோன்ற உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ‘பரிவேஷ் 2.0’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும், குட்டி போட்டாலும், இறந்தாலும் அங்கே தெரிவிக்க வேண்டும். அழுத கையோடு படிவம் நிரப்புவது கொடுமைதான், ஆனால் விட்டுவிட வேண்டாம்.

ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கும். கூண்டைக் கிருமிநாசினி போட்டுக் கழுவுங்கள், கிச்சன் சிங்க்கில் மட்டும் வேண்டாம்.

கூண்டு காலியாக இருக்கும்போது, ‘இன்னொண்ணு வாங்கிக்கோ, ஐந்நூறோ ஆயிரமோ’ என்பார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். அதற்கு அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை. பேச வேண்டும் போலிருந்தால், முதலில் ஊர்வன வளர்க்கும் ஒருவரிடம் பேசுங்கள். பல்லிக்கா என்று கேட்காத ஆள் அவர்தான். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ வேலையோ ஓடவில்லை என்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எப்போதாவது அடுத்த குட்டி வருமானால், அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய யுவிபி பல்பைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுங்கள். மாட்டிய தேதியை மார்க்கரால் ஹோல்டரிலேயே எழுதிவையுங்கள்.