ஐம்பத்தைந்தில் மீண்டும் ஏந்திய தூரிகை

இளமையில் ஈட்டிய புகழே முதுமையில் விலங்காக மாறிவிடுவதுண்டு. ஊரார் எதைப் பாராட்டினார்களோ, அதையே இறுதிவரை செய்துகொண்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் மெல்ல வந்து சேர்கிறது. அந்த விலங்கைத் தாமே கழற்றி வைத்தவர், அமெரிக்க ஓவியர் ஃபிலிப் கஸ்டன்.

1913ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில், ஒடெஸாவிலிருந்து வந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தந்தை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். துயரம் சூழ்ந்த அந்த இல்லத்தில், ஒற்றை மின்விளக்கு தொங்கும் சிற்றறைக்குள் ஒதுங்கிச் சித்திரக்கதைகளைப் படிப்பதும் வரைவதுமே சிறுவனுக்கு ஆறுதலாயின. மகனின் நாட்டமறிந்த தாய், அஞ்சல்வழிக் கேலிச்சித்திரப் பயிற்சியில் அவனைச் சேர்த்துவிட்டார்.

வளர்ந்தபின் பாதை மாறியது. 1950களில் நியூயார்க்கின் அரூப ஓவியர்களுள் முன்னணியில் நின்றார் கஸ்டன். உருவம் ஏதுமின்றிச் செந்நிறங்கள் இழையும் அவருடைய படங்கள் பெரிதும் போற்றப்பட்டன. அதன்பின், சித்திரக்கதைக் கட்டங்களையும் கடைச்சரக்குகளின் உறைகளையும் பெரிதாக வரையும் ‘பாப் ஆர்ட்’ தலையெடுத்தது. 1962இல் சிட்னி ஜானிஸ் காட்சிக்கூடம் அத்தகைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, அதை ஏற்க மனமின்றி அக்கூடத்தை விட்டு விலகியவர்களுள் கஸ்டனும் ஒருவர்.

ஆயினும் அவருடைய உள்ளம் அமைதி பெறவில்லை. வியட்நாம் போரும் உள்நாட்டு வன்முறையும் நாட்டை உலுக்கிய காலம் அது. அவற்றைப் படித்துக் கொதித்தெழுந்துவிட்டு, ஓவிய அறைக்குள் சென்று சிவப்பை நீலத்தோடு பொருத்திக்கொண்டிருப்பதா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். 1966 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வண்ணம் தீட்டுவதையே நிறுத்தினார்; கோட்டுச் சித்திரங்கள் மட்டுமே வரைந்தார்.

1968இல், ஐம்பத்தைந்து வயதை எட்டிய வேளையில், மீண்டும் தூரிகையை ஏந்தினார். புத்தகம், காலணி, கடிகாரம் எனக் கண்ணெதிரே இருந்த பொருள்களைச் சிறு பலகைகளில் தீட்டினார். தடித்த கோடுகள், பருத்த விரல்கள், தொங்கும் ஒற்றை மின்விளக்கு எனப் பிள்ளைப் பருவத்துச் சித்திரக்கதை உலகம் முழுவதும் திரும்பி வந்தது.

அந்த எளிய கோடுகள் கனமான கேள்விகளைச் சுமந்தன. நிறவெறிக் கூட்டமான கூ க்ளக்ஸ் கிளானின் கூம்பு முகமூடி அணிந்த உருவங்களை அவர் வரைந்தார். 1969இல் தீட்டிய ‘தி ஸ்டூடியோ’ ஓவியத்தில், முகமூடி அணிந்த ஓர் ஓவியன் தன்னையே வரைந்துகொண்டிருக்கிறான். பிறருடைய தீமையைச் சுட்டுவது எளிது. அதன் நிழல் தம்முள்ளும் உண்டோ என்று தேடுவதற்குத் துணிவு வேண்டும்.

1970 அக்டோபரில் நியூயார்க்கின் மார்ல்பரோ கூடத்தில் இப்படங்கள் காட்சிக்கு வந்தன. விமர்சகர்கள் ஏளனம் செய்தனர். நெருங்கிய நண்பரான இசையமைப்பாளர் மோர்ட்டன் ஃபெல்ட்மனின் நட்பும் முறிந்தது. ஓவியர் வில்லெம் டி கூனிங் போன்ற மிகச் சிலரே, இதன் உட்பொருள் விடுதலை என்பதை உணர்ந்து பாராட்டினர்.

கஸ்டன் பின்வாங்கவில்லை. 1977இல் மனைவி மூசா பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். அவ்வாண்டு தீட்டிய ‘கப்பிள் இன் பெட்’ ஓவியத்தில், மனைவியை அணைத்தபடி படுத்திருக்கும் கணவரின் கை, தூரிகைகளையும் விடாமல் பற்றியிருக்கிறது. 1979இல் கடும் மாரடைப்பு வந்தபின், சிறிய தாள்களில் வரைந்தார். 1980 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் காட்சி தொடங்கியது. ஜூன் 7ஆம் நாள் அவர் மறைந்தார். 1984இல் ஃபெல்ட்மன், நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஓர் இசைப்படைப்பை இயற்றி, அதற்குப் பிரிந்த நண்பரின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் ஓவியர் பலருக்கு வழிகாட்டியவை, அன்று ஏளனத்துக்கு ஆளான அப்படங்களே.

குடும்பப் பொறுப்புகளால் என்றோ தூரிகையைக் கீழே வைத்த பெரியவர்கள் பல இல்லங்களில் உண்டு. ‘இந்த வயதில் பொம்மைப் படம் வரைவதா?’ என்று அவர்கள் தயங்கலாம். பெரிய கருத்தும் விலையுயர்ந்த வண்ணங்களும் தொடக்கத்திலேயே தேவையில்லை. ஒரு தாளும் தடித்த கருமைப் பேனாவும் போதும். வாசலில் கிடக்கும் காலணியை வரைந்து தொடங்கலாம். கஸ்டன் தொடங்கியதும் அங்கிருந்துதான்.