உளிகள் சுவரில், தூள் மூக்கில்!

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் என்னிடம் வந்தார். விடாத வறட்டு இருமல், மூக்கடைப்பு, முன்கையில் அரிப்பு. "புகை, பொடி எதுவும் கிடையாது டாக்டர். பொழுதுபோக்கா வீட்டு ஷெட்ல மரம் கடையறேன், அவ்வளவுதான்" என்றார்.

நாடி பார்த்ததைவிட அந்த ஷெட்டைப் பார்த்ததில்தான் எனக்கு நோய் விளங்கியது. ஒரே ஜன்னலையும் அடைத்து மரக்கட்டைகள் அடுக்கியிருந்தார். உளிகளோ லேத்துக்குப் பின்னால், சுவரில். பார்க்க அழகுதான். ஆனால், ஒவ்வொரு முறையும் சுழலும் கட்டைக்கு மேலே குனிந்து கை நீட்ட வேண்டும். சட்டைக் கை சிக்கினால் என்ன ஆகும்?

உளிகளை வலது கைப்பக்கம், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலான உயரத்தில் மாட்டச் சொன்னேன். சாணைக்கல் நாலடி தூரத்துக்குள் இருக்கட்டும். தூரத்தில் இருந்தால் 'அப்புறம் தீட்டிக்கலாம்' என்று தோன்றும். மழுங்கிய உளியை அழுத்தி அழுத்தியே தோள்பட்டை வலி வரும். லேத்தின் அச்சு உங்கள் முழங்கை உயரத்தில் இருந்தால் முதுகு பிழைத்தது.

உளி சீவித் தள்ளும் சுருள்களால் பெரிய தொல்லை இல்லை. அவை கீழே விழுந்துவிடும். உப்புத்தாள் போடும்போது பறக்கும் மாவு போன்ற தூள்தான் ஆபத்து. அது வெகுநேரம் காற்றில் மிதக்கும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. வருஷக்கணக்கில் தூளிலேயே வேலை செய்பவர்களுக்கு வரும் மூக்குப் புற்றுநோய் அதில் முக்கியமானது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கடைபவர் பயந்து சாக வேண்டாம். ஆனால் ஜன்னலைத் திறங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது. என்-95 முகமூடி அணியுங்கள். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

நண்பர் கடைந்தது ஈட்டி மரம். தேக்கைப் போலவே அதன் தூளும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். அரிப்பின் காரணம் அதுதான். சென்னப்பட்டணப் பொம்மைகள் எந்த மரத்தில் கடையப்படுகின்றன தெரியுமா? காளாஞ்சகப்படைக்கு இலையைத் தைலமாக்குகிறோமே, அதே வெட்பாலை! அதற்காக அதன் தூளை மூக்கில் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. மருந்து மரமானாலும் நுரையீரலுக்குத் தூள் தூள்தான்.

இன்னொன்று, அலமாரி. அரக்கு கரைக்கும் ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். எனக்குப் பகீரென்றது. அதில் மெத்தனால் கலந்திருந்தால், பேரப்பிள்ளை ஒரு மடக்குக் குடித்தால் கண் பார்வையே போகலாம், உயிரும் போகலாம். அதை அதன் டப்பாவிலேயே வைத்துப் பூட்டுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இடம் மாற்றி அடுக்கிய பிறகு அவர் இருமல் அடங்கியது. உங்களுக்கு ஒரே பக்க மூக்கடைப்பு வாரக்கணக்கில் நீடித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ என்னைத் தேடி வராதீர்கள். முதலில் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள்.