கொல்லிப்பாவையின் மலையில் ஒரு கொடுமுடிக் குரல்

ஆடிப் பதினெட்டு. கொல்லிமலை வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில், சங்ககால வள்ளல் வல்வில் ஓரிக்கு எடுக்கும் விழாக் கூட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவந்த வண்டிகள் சாலையோரம் முழுக்க நின்றன. ஒரு கடையின் குழாய் ஸ்பீக்கரில் கே.பி.சுந்தராம்பாள் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு மிளகு அளந்த பாட்டி, அள்ளிய படியைப் பையில் கொட்டாமல் பாட்டு முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

“இவங்க நடிச்ச படம் பாத்திருக்கீங்களா பாட்டி?”

“படமெல்லாம் எங்க சாமி பாத்தேன்? கொரலுதான் தெரியும்.”

இந்த மலைக்கென்று ஒரு பாவை உண்டு. கண்டவரை மயக்கி, சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவை. தெய்வம் செய்த அந்த உருவத்தைத்தான் சங்கப் புலவர்கள் பெண்ணழகுக்கு உவமையாகச் சொன்னார்கள். சினிமாவும் நடிகையிடம் கேட்டது அந்தப் பாவையைத்தான். இன்றும் அதையேதான் கேட்கிறது. முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் கதாநாயகி அக்கா ஆகிறாள், பிறகு அம்மா ஆகிறாள். அவளோடு நடித்த கதாநாயகனுக்கு மட்டும் வயதே ஆவதில்லை. சுந்தராம்பாள் அந்தப் பாவையாக ஒருநாளும் இருந்ததில்லை.

1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய், ஸ்திரீபார்ட், ராஜபார்ட் இரண்டு வேடங்களையும் கட்டினார். இலங்கை மேடையில் நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து பாடிய பிறகு, இருவரும் ஜோடியாக ஆடும் நாடகத்துக்கு ஊரே திரண்டது. 1927-இல் அவரையே மணந்தார். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிறந்த குழந்தை தங்கவில்லை. பிணக்கும் பிரிவும் வந்தன. 1933-இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசிவரை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். இதைப் பதிவிரதைக் கதையாகவே சொல்லி முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. துக்கம் உண்மை, கைம்பெண்ணுக்கு ஊர் போட்ட கட்டும் உண்மை. ஆனால் பொட்டும் பூவும் பட்டும் இல்லாத ஒரு பெண்ணைத் தேடி சினிமா வந்ததே, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1935-இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். மாதம் முப்பது ரூபாய் வந்தால் குடும்பம் நடந்த காலம் அது. அந்தப் படத்தில் அவருக்குப் பெண் வேடம்கூட இல்லை, நந்தனாரே அவர்தான்.

பிறகு ‘மணிமேகலை’. 1953-இல் ஜெமினி எஸ்.எஸ்.வாசனின் ‘ஔவையார்’. 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். அடுத்த ஆண்டு ‘திருவிளையாடல்’. எண்ணிப் பார்த்தால் படங்கள் அதிகமில்லை. நடித்ததெல்லாம் துறவியும் கிழவியும் பக்தையும்தான். மற்ற நடிகைகளுக்குத் தொழில் முடிகிற இடத்தில் இவருக்குத் தொடங்கியது. ‘துணைவன்’ படப் பாடலுக்காகத் தேசிய விருது வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

காங்கிரஸ் மேடைகளில் விடுதலைக்காகப் பாடியவர் மேலவை உறுப்பினரும் ஆனார். சம்பாதித்ததில் சொந்த ஊரில் ஒரு தியேட்டர் கட்டினார். 1969-இல் அன்றைய முதல்வர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். இதைச் சொல்லும்போது சாவித்திரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எப்பேர்ப்பட்ட நடிகை! சொந்தமாக எடுத்து இயக்கிய ‘பிராப்தம்’ 1971-இல் கையைக் கடித்தது. பல மாதம் நினைவின்றிக் கிடந்து 1981-இல் போய்ச் சேர்ந்தார். சுந்தராம்பாள் மறைந்தது அதற்கு முந்தைய ஆண்டில்.

ஒலிபெருக்கியில் அடுத்த பாட்டு வேறு யாருடையதோ. பாட்டி படியைப் பையில் கொட்டினார்.

“இவங்க ஊரு கொடுமுடி பாட்டி. மலையிறங்கி நாமக்கல் தாண்டினா காவேரிக்கரையிலதான்.”

“நம்ம பக்கத்து ஊரா?” என்று நிமிர்ந்தவர், இன்னொரு கை மிளகை அள்ளிப் போட்டுப் பையைக் கட்டினார்.