காய்தல் வேறு, இறுகுதல் வேறு

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் விரலில் ஒட்டுவதில்லை, காய்ந்துவிட்டது என்கிறோம். ஆனால் மறுநாள் வண்டியில் பொருத்தி போல்ட்டை முடுக்கினால், வாஷரின் தடம் பெயிண்டில் பதிந்துவிடுகிறது. காய்ந்த பெயிண்ட் அமுங்குவானேன்?

பெயிண்டில் முக்கியமாக மூன்று பொருள்கள் உள்ளன: நிறமி, அதைப் பிணைக்கும் பிசின், இவற்றை இளக்கும் கரைப்பான். இக்கரைப்பான் ஆவியாவதே காய்தல். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் இத்துடன் வேலை முடிகிறது. ஆகவேதான் காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் அது மீண்டும் கரைகிறது. எனாமலில் அடுத்த கட்டம் ஒன்றுண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் பிசினின் மூலக்கூறுகளை வலைபோல் பின்னுகிறது. இரண்டு டப்பாக்களில் வரும் பாலியூரித்தேனில் இப்பின்னலைச் செய்வது ஹார்டனர். இதுவே இறுகுதல். இதற்குப் பல நாட்கள் ஆகலாம். வெப்பம் இதை விரைவுபடுத்தும்.

ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட், தெளிக்கும்போது மூச்சில் புகுந்தால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய் வழியே அளிக்கும் முகக்கவசம் தேவை.

காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல், பெயிண்டிலும் மேற்பரப்பே முதலில் காய்கிறது. தடிப்பாகப் பூசினால் அடியிலுள்ள கரைப்பான் சிக்கிக்கொள்ளும். வெயிலில் கொப்புளமாக எழும்பும். எனவே மெல்லிய பூச்சுகளாக, இடைவெளி விட்டு அடிப்பதே முறை.

சரி, மாஸ்கிங் டேப்பை எப்போது உரிப்பது? 1920-களில் அமெரிக்காவில் இருவண்ணக் கார்கள் நாகரிகமாயின. நிறங்களைப் பிரிக்க ஒட்டிய காகிதங்களை எடுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. பின்னர் 3எம் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கி இத்தொல்லையைத் தீர்த்தார். ஆனால் நல்ல டேப்பையும் நேரமறிந்து உரிக்க வேண்டும்.

பெயிண்ட் டேப்பின் மீதும் உலோகத்தின் மீதும் ஒரே படலமாகப் படிந்திருக்கிறது. உரிக்கும்போது அது விளிம்பில் அறுபட வேண்டும். ஈரமாயிருந்தால் இழையாக இழுபடும். முற்றிலும் இறுகியிருந்தால் தாறுமாறாகக் கிழியும். காய்ந்தும் இறுகாத நிலையில்தான் விளிம்பு நேராக அறுபடும். இதை அறிய டேப்பின் மேலுள்ள பெயிண்டைத் தொட்டுப் பார்த்தால் போதும். டாங்கியைத் தொட வேண்டாம். பின் டேப்பைத் தன்மீதே மடித்து, புதுப் பெயிண்டை விட்டு விலகும் திசையில் மெதுவாக இழுக்க வேண்டும். காலம் கடந்துவிட்டால், பிளேடால் விளிம்பை மட்டும் இலேசாகக் கீறிவிட்டு உரிக்கலாம்.

கிழிந்த விளிம்பு அழகை மட்டும் கெடுப்பதில்லை. அதன் அடியில் நீர் நுழையும். பெயிண்ட் எதைத் தடுக்க வந்ததோ, அந்தத் துரு அங்கேயே தொடங்கும். ஆகவே டேப்பை உரிப்பதில் தாமதம் கூடாது. உறுப்பைப் பொருத்துவதில் அவசரம் கூடாது.